கேட்க மனமில்லாதவரிடம் விசுவாசத்தைப் பேசுவது எப்படி? அகுஸ்தினாரிடமிருந்து ஓர் அரிச்சுவடி

பங்கில் புதிதாக மறைக்கல்வி எடுக்க வருகிறவர்கள், கல்லூரிக்குப் போன பிள்ளை ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டானே என்று மனம் நொந்திருக்கும் பெற்றோர், உடன் வேலை செய்யும் நண்பரிடம் தங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச ஆசைப்படும் இளைஞர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "காதிலேயே போட்டுக்கொள்ளாதவரிடம் என்னத்தைச் சொல்வது?"

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் ஏன் கேட்க மறுக்கிறார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசப் போனால், நாம் சொல்வது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அவர் மனத்திலிருக்கும் தடையை அது தொடாது. விசுவாசத்தை எடுத்துரைப்பதில் பாதி வேலை, அந்தத் தடை எது என்று கண்டுகொள்வது. மீதியில் பெரும்பங்கு பொறுமை. பேச்சுத் திறமைக்கு நாம் நினைக்கிற அளவுக்கு இடமில்லை.

இதைக் கற்றுக்கொள்ள ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினாரைவிடப் பொருத்தமான ஒருவரைத் திருச்சபை வரலாற்றில் நான் கண்டதில்லை. 354இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். கிறிஸ்தவத் தாய் வளர்த்த பிள்ளை. ஆனாலும் 30 வயதைக் கடந்தும் திருச்சபை சொன்னதை ஏற்க மறுத்தவர். பிறகு மனம் மாறி, ஆயராகி, கேட்க மனமில்லாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு சிறு கையேடும் எழுதினார். கதவின் இரண்டு பக்கமும் நின்று பார்த்த மனிதர்.

அவர் ஏன் கேட்கவில்லை?

அகுஸ்தினார் தன் வாழ்க்கையைக் கடவுளிடமே சொல்வதுபோல எழுதிய நூலில் தன் மறுப்புக்கான காரணங்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இன்றைக்கு நம் வீட்டிலும் வகுப்பிலும் இருக்கும் ஆட்களின் முகம் தெரியும்.

முதல் காரணம் நடை. கார்த்தேஜ் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, 19ஆம் வயதில், ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்து உண்மையைத் தேடும் ஆவல் கொண்டார். அந்த ஆவலோடுதான் விவிலியத்தைத் திறந்தார். அன்றைய இலத்தீன் மொழிபெயர்ப்பு சாதாரண மக்கள் பேசும் பாணியில் இருந்தது. சிசரோவின் கம்பீரத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று மூடி வைத்துவிட்டார். கடவுள்மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. புத்தகம் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்ற எண்ணம், அவ்வளவுதான். நல்ல தமிழ் படித்துப் பழகிய ஒருவர் சில துண்டுப் பிரசுரங்களை இரண்டு வரி வாசித்ததும் கீழே வைத்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

இரண்டாவது காரணம் கனமானது. மானி என்பவரின் போதனையைப் பின்பற்றிய குழுவில் அகுஸ்தினார் சுமார் 9 ஆண்டுகள் இருந்தார். அவர்கள் கிறிஸ்தவர்களைப் பார்த்து எளிய கேள்விகளைக் கேட்டார்கள். தீமை எங்கிருந்து வந்தது? கடவுளுக்கு முடியும் நகமும் உண்டா? பல மனைவியரோடு வாழ்ந்த பழைய ஏற்பாட்டுப் பெரியவர்களை நல்லவர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இளம் அகுஸ்தினாருக்கு இவற்றுக்குப் பதில் தெரியவில்லை. மனிதனைக் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்றால் கடவுளுக்கும் மனித உடல் இருப்பதாகத்தான் திருச்சபை நம்புகிறது என்று நினைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து மிலான் நகரில்தான் திருச்சபை அப்படிப் போதிக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டார். இல்லாத ஒன்றை எதிர்த்து இத்தனை காலம் குரைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கப்பட்டதையும் மகிழ்ந்ததையும் ஒன்றாகவே எழுதுகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மை மறுப்பவர்களில் பலர், நாமும் நம்பாத ஒன்றைத்தான் மறுக்கிறார்கள். சிறு தவறுக்கும் தண்டிக்கக் காத்திருக்கும் ஒரு கடவுளை, நோயாளியின் நோய்க்கு அவனுடைய பாவத்தைக் காரணம் காட்டும் ஒரு கடவுளை, காணிக்கையின் அளவைப் பார்த்து ஆசி தரும் ஒரு கடவுளை அவர்கள் எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள். சில சமயம் நம் மேடைகளிலிருந்தே கேட்டிருப்பார்கள். "நீங்கள் நம்பாத அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர்?" என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்டபின், "அப்படிப்பட்டவரை நானும் நம்பவில்லை" என்று மனதார நாம் சொல்ல நேரலாம்.

மூன்றாவது காரணம் வாழ்க்கைமுறை. பேர், புகழ், பதவி உயர்வு, திருமணம் செய்யாமல் பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண், அவர்களுக்குப் பிறந்த மகன். விசுவாசம் உண்மை என்று அறிவு ஒத்துக்கொண்ட பிறகும் இவற்றை விட மனம் வரவில்லை. தூய்மையைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளவயதில் வேண்டிக்கொண்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். இப்படிப்பட்டவரிடம் வாதம் செய்து என்ன பயன்? அறிவு ஏற்கெனவே இணங்கிவிட்டது. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே மனிதருக்குள் மூன்று வகைத் தடைகள். அவை ஒரே நேரத்தில் வந்தவையும் அல்ல. 19 வயதில் அவருக்குத் தேவைப்பட்டதும் 31 வயதில் தேவைப்பட்டதும் வேறு வேறு. "எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நல்ல சாட்சி உரை எழுதித் தாருங்கள்" என்று கேட்கிறவர்களுக்கு என்னால் எழுதித் தர முடியாமல் போவது இதனால்தான்.

அவரிடம் யார் யார் எப்படிப் பேசினார்கள்?

தாய் மோனிக்காவிடமிருந்து தொடங்குவோம். மகன் மானியின் குழுவில் சேர்ந்ததும் முதலில் அவனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கனவு கண்ட பிறகுதான் மீண்டும் மகனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு தெரிந்த ஆயர் ஒருவரிடம் போய், என் மகனோடு நீங்கள் வாதாடி அவனைத் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயரும் சிறுவயதில் மானியின் குழுவில் வளர்ந்தவர். அவர்களுடைய நூல்களையெல்லாம் படித்தவர், பிரதியும் எடுத்தவர். வாதாட அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் அவர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை, புதுக் கொள்கையின் மிதப்பில் இருக்கிறான், சிலரைக் கேள்வி கேட்டு மடக்கிய பெருமையும் சேர்ந்திருக்கிறது. அவனை விடுங்கள், அவனுக்காக இறைவனிடம் வேண்டுங்கள், படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். தானும் அப்படித்தான் யாரும் வாதாடாமலே வெளியே வந்ததாகச் சொன்னார். மோனிக்கா விடவில்லை, அழுதுகொண்டே இருந்தார். சற்றுச் சலிப்போடு ஆயர் சொன்ன பதில் இன்றுவரை நிலைத்திருக்கிறது: போங்கள் அம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த மகன் அழிந்துபோக முடியாது.

பெயர்கூடத் தெரியாத அந்த ஆயர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பேசத் தெரிந்தவர் பேசாமலிருப்பது எளிதல்ல. வாதத்தில் ஜெயிக்கும் ஆசையில் இருக்கும் ஒருவனிடம் வாதாடினால் அவனுக்கு இன்னொரு போட்டி கிடைக்கும், வேறொன்றும் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலம் கனியாதபோது பேச்சை நிறுத்திவைப்பதும் நற்செய்திப் பணிதான். ஆனால் அதைக் கைகழுவுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோனிக்கா கடல் கடந்து மிலான்வரை மகனைப் பின்தொடர்ந்து போனார்.

384இல் அகுஸ்தினார் மிலானில் பேச்சுக்கலைப் பேராசிரியரானார். அங்கே ஆயர் அம்புரோசு. நல்ல பேச்சாளர் என்று பேர்பெற்றவர். எப்படிப் பேசுகிறார் பார்ப்போம் என்ற தொழில் ஆர்வத்தில்தான் அகுஸ்தினார் கோவிலுக்குப் போனார். பொருளில் அவருக்கு அக்கறை இல்லை. ஆனால் சொற்களை ரசித்துக்கொண்டிருக்கும்போதே பொருளும் கூடவே உள்ளே வந்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். 19 வயதில் நடை பிடிக்காமல் மூடி வைத்த புத்தகம், அதே நடை அறிந்த ஒருவர் வாயிலாகத் திறந்தது. பழைய ஏற்பாட்டின் கடினமான பகுதிகளுக்கு அம்புரோசு ஆழ்ந்த பொருள் சொன்னபோது, மானியின் குழுவினர் எழுப்பிய கேள்விகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றையும் அவர் குறிப்பிடுகிறார். ஊருக்குப் புதிதாக வந்த தன்னை அம்புரோசு ஒரு தந்தையைப்போல வரவேற்றார். அவரிடம் தனக்கு அன்பு பிறந்தது. முதலில் உண்மையைப் போதிப்பவர் என்பதற்காக அல்ல, தன்னிடம் கனிவாக இருந்தவர் என்பதற்காக. திருச்சபையில் உண்மை கிடைக்கும் என்ற நம்பிக்கையே அப்போது அவருக்கு இல்லை. கனிவுதான் அவரை அந்தப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்தது.

அகுஸ்தினார் மதித்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும், அவர் எதிர்த்தரப்பு ஆள் என்றாலும். மானியின் குழுவில் ஃபவுஸ்தூஸ் என்று புகழ்பெற்ற ஆயர் ஒருவர் இருந்தார். வானியல் பற்றி அகுஸ்தினார் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. மழுப்பாமல் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். கொள்கையில் அகுஸ்தினாருக்கு இருந்த பிடிப்பு அன்றோடு தளர்ந்தது. ஆனால் அந்த மனிதர்மேல் மதிப்பு கூடியது. படித்தவர்களிடம் விசுவாசம் பற்றிப் பேசப் போகும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிணாமம் பற்றியோ விவிலியத்தின் ஒரு கடினமான பகுதி பற்றியோ கேட்டால், "தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். அதன்பின் உண்மையிலேயே படித்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைசித் தடையைத் தொட்டது கதைகள். மிலானின் முதிய குரு சிம்பிளிசியானுஸ், விக்டோரினுஸ் என்ற ரோமாபுரிப் பேராசிரியரின் கதையைச் சொன்னார். பொது மன்றத்தில் சிலை வைக்கும் அளவுக்குப் புகழ்பெற்ற அவர், தான் உள்ளூரக் கிறிஸ்தவர்தான் என்று தனிமையில் சொல்லி வந்தார். உம்மைக் கோவிலுக்குள் பார்க்கும்வரை நம்பமாட்டேன் என்பார் சிம்பிளிசியானுஸ். சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்று அவர் திருப்பிக் கேட்பார். செல்வாக்குள்ள நண்பர்களின் பகை வருமே என்ற பயம் அவருக்கு. கடைசியில் மக்கள் எல்லோர் முன்னிலையிலும் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டார். அவரும் பேராசிரியர், கேட்டுக்கொண்டிருந்தவரும் பேராசிரியர், பயமும் ஒரே பயம். சிம்பிளிசியானுஸ் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று தோன்றவில்லை. அதைக் கேட்டதும் தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்று உள்ளம் பற்றி எரிந்ததாக அகுஸ்தினார் எழுதுகிறார்.

பிறகு 386இல் மிலான் தோட்டத்தில் அவர் மனம் மாறியதும், 387 பாஸ்கா திருவிழிப்பில் அம்புரோசு கையால் திருமுழுக்குப் பெற்றதும் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒரு திருத்தொண்டரின் சோர்வு

சுமார் 400ஆம் ஆண்டில், கார்த்தேஜில் இருந்த தேயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர் ஆயர் அகுஸ்தினாருக்குக் கடிதம் எழுதினார். விசுவாசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பது அவர் பொறுப்பு. பேசப் பேசத் தனக்கே சலிப்பாக இருக்கிறது, கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்ற கவலை அவருக்கு. மறைக்கல்வி எடுத்த யாருக்கும் இது புதிய கவலை அல்ல. பதிலாக அகுஸ்தினார் எழுதியதுதான் நான் முன்பு சொன்ன கையேடு.

தனக்கும் தன் பேச்சு பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்றுதான் அவர் தொடங்குகிறார். உள்ளத்தில் மின்னலாகத் தோன்றுவது வாயிலிருந்து வரும்போது மந்தமாகிவிடுகிறது. ஆனால் நமக்குத் தோன்றும் அளவுக்குக் கேட்பவருக்குச் சலிப்பு இருக்காது, ஆகவே உங்கள் சோர்வை வைத்து உங்கள் பேச்சை எடைபோடாதீர்கள் என்கிறார். பிறகு நேராக ஆளைப் பற்றிப் பேசுகிறார்.

வந்தவரிடம் முதலில் அவர் வந்த காரணத்தைக் கேளுங்கள். முடிந்தால் அவரை அறிந்தவர்களிடம் முன்னரே விசாரித்து வையுங்கள். ஆதாயத்துக்காக வந்துவிட்டு, கடவுளைத் தேடி வந்தேன் என்று பொய் சொல்கிறவரும் இருப்பார். அவரை அம்பலப்படுத்தச் சொல்லவில்லை அகுஸ்தினார். அவர் சொன்ன காரணத்தையே எடுத்துப் பாராட்டி அங்கிருந்து தொடங்குங்கள். வெளியே காட்டிக்கொள்ளும் அந்த மனிதராகவே ஆகிவிட்டால் நன்றாக இருக்குமே என்று அவருக்கே ஆசை வரட்டும் என்கிறார். பொய் என்று தெரிந்த பின்னும் அந்த ஆளிடம் இவ்வளவு மென்மை. படிக்கும்போதெல்லாம் நான் வியக்கும் இடம் இது.

படித்தவர் வந்தால் அவருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லி அலுக்கவைக்காமல், எந்த நூல்கள் அவரைத் தூண்டின என்று கேட்டு அங்கிருந்து பேச்சை எடுக்க வேண்டும். பேச்சுக்கலைப் பள்ளிகளில் படித்தவர் என்றால், இலக்கணப் பிழையோடு செபிக்கும் குருவைப் பார்த்து நகைக்காதிருக்கச் சொல்லித்தர வேண்டும். சிசரோவுக்கு முன்னால் விவிலியத்தை மூடிவைத்த பழைய மாணவர்தான் இதை எழுதுகிறார் என்பது நமக்குத் தெரியும்.

கேட்பவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால்? அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். புனிதமான விஷயம் என்ற அச்சமாக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம், புரியாமல் இருக்கலாம், அலட்சியமாகவும் இருக்கலாம். அச்சம் என்றால் அன்பாகப் பேசி அதைப் போக்குங்கள். புரிகிறதா, இதை முன்பே கேட்டிருக்கிறீர்களா என்று விசாரியுங்கள். கொட்டாவி விடுகிறாரா? மகிழ்ச்சியான ஒன்றையோ வியப்பான ஒன்றையோ சொல்லி விழிக்கவையுங்கள். அதுவரை நின்றுகொண்டே கேட்டிருந்தால் உட்கார வையுங்கள். அன்றைய ஆப்பிரிக்கத் திருச்சபையில் மக்கள் நின்றபடி கேட்பதுதான் வழக்கம். கடலுக்கு அப்பால் சில திருச்சபைகளில் உட்கார வைக்கிறார்கள், அது நல்ல வழக்கம் என்று அகுஸ்தினார் சொல்கிறார். கேட்பவரின் கால்வலிகூட அவருக்கு இறையியலின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் அசையவே இல்லை என்றால் அவர்மேல் இரக்கம் கொள்ளுங்கள், மிக முக்கியமானவற்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறார். அதற்குமேல், கடவுளைப் பற்றி அவரிடம் நிறையப் பேசுவதைவிட அவரைப் பற்றிக் கடவுளிடம் நிறையப் பேசுங்கள் என்பது அவர் தரும் அறிவுரை. மோனிக்காவின் மகன் வேறு எப்படி எழுதுவார்?

ஆசிரியரின் சலிப்புக்கு அவர் சொல்லும் மருந்தும் அழகானது. நாம் தினமும் கடந்துபோகிற அழகான இடம் ஒன்றை அதுவரை பார்க்காத நண்பருக்குக் காட்டும்போது, அவருடைய வியப்பில் அது நமக்கும் புதிதாகத் தெரிகிறதல்லவா? பத்தாவது முறையாகப் பாடம் எடுக்கும்போது கேட்பவரோடு சேர்ந்து நாமும் முதல் முறையாகக் கேட்க வேண்டும். அதற்கு அவரை நேசிக்க வேண்டும். கேட்பவர் கேட்டு விசுவசிக்கவும், விசுவசித்து எதிர்நோக்கவும், எதிர்நோக்கி அன்பு செய்யவும் வேண்டும் என்பதே முழு வகுப்பின் நோக்கம் என்று அவர் வகுத்துத் தருகிறார்.

எல்லை மீறிய இடம்

இதே அகுஸ்தினார் பிற்காலத்தில் செய்த ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த விளக்கம் நேர்மையானதாக இருக்காது. வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் என்ற பிரிந்த திருச்சபையினர் வலுவாக இருந்தார்கள். அவர்களை வாதத்தாலும் விளக்கத்தாலும் மட்டுமே அணுக வேண்டும், அரசின் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் முதலில் அவர் எண்ணினார். பிறகு பேரரசின் சட்டங்களும் தண்டங்களும் பலரைத் திருச்சபைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்து மனத்தை மாற்றிக்கொண்டார். 408 வாக்கில் எழுதிய கடிதத்தில் அதை அவரே சொல்கிறார். விருந்து உவமையில் வீட்டுத்தலைவர் ஆட்களை வற்புறுத்திக் கூட்டிவரச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் வரியையும் இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். பின்வந்த நூற்றாண்டுகளில் எத்தனையோ பேர் அவருடைய பெயரைச் சொல்லி வன்முறையை நியாயப்படுத்தினார்கள்.

கேட்பவரின் கால்வலியைக் கவனித்தவர் ஏன் இங்கே வந்து நின்றார்? பலன் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே என் எண்ணம். கூட்டம் கூடுவதைப் பார்த்ததும் வழி சரியா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. எண்ணிக்கையைக் கொண்டு ஊழியத்தை அளக்கிற இடங்களில் இன்றும் இந்த ஆபத்து இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமய உரிமை பற்றி வெளியிட்ட அறிக்கை வற்புறுத்தலின் வழியைத் தெளிவாக மூடுகிறது. விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ போலத் தோன்றும் எதையும் செய்யக் கூடாது. ஏழைகளிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் இதில் தனிக் கவனம் வேண்டும் என்கிறது. நம் நாட்டின் அரசியலமைப்பு 25ஆம் பிரிவில் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை விளக்கும்போது, தன் சமயத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வதற்கான உரிமை அது, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை அதில் அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆனால் விசுவாசிக்கு அது ஒன்றை நினைவூட்டுகிறது: எடுத்துச் சொல்வது நம் வேலை, மனத்தைத் திருப்புவது இறைவனின் வேலை. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடமும், நம்மிடம் சம்பளம் வாங்குகிறவரிடமும், நாம் கொடுக்கும் அரிசியை நம்பியிருப்பவரிடமும் பேசும்போது அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாது என்றால் அந்த நேரத்தில் உதவி மட்டும் போதும்.

மதுரையில் நடந்தது

தமிழ் மண்ணிலும் இந்தப் பாடம் ஒருமுறை பெரிய அளவில் படிக்கப்பட்டது. 1606இல் இத்தாலிய இயேசு சபைக் குருவான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியக் குரு பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணி செய்துகொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவர்களைக் கவனிப்பதே அவர் பணியாக இருந்தது. ஊரின் கற்றவர்களும் உயர்குடியினரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கிறிஸ்து என்ன சொன்னார் என்று அறிந்து அதை அவர்கள் மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இது பறங்கியரின் மார்க்கம், இதில் சேர்ந்தால் தன் ஊரையும் உறவையும் இழந்து பறங்கியராகிவிட வேண்டும் என்று நினைத்தார்கள். தடை அங்கே இருந்தது.

தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழிலேயே எழுதினார். உடன் பணியாற்றிய பெர்னாண்டஸே அவர்மேல் புகார் எழுதினார். கோவாவிலும் ரோமிலும் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவருடைய முறையை அனுமதித்தார்.

தடையைச் சரியாகக் கண்டுகொண்டவர் என்று அவரை நான் மதிக்கிறேன். ஆனால் உயர்சாதியினரின் காதைத் திறக்க, சாதி ஏற்பாட்டை ஊர் வழக்கம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். உயர்சாதியினருக்கு ஒருவகைக் குருக்கள், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பண்டாரசாமிகள் எனப்பட்ட வேறு குருக்கள் என்று பின்னர் பிரிவு வந்தது. அந்தப் பிளவின் வடு நம் கோவில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இன்னும் ஆறவில்லை. உடை, உணவு, மொழி, இசை இவற்றையெல்லாம் கேட்பவருக்காக மாற்றிக்கொள்ளலாம். இன்னொருவரைத் தாழ்த்தி வைப்பதைக் கேட்பவருக்காக ஏற்றுக்கொண்டால், பிறகு அவரிடம் சொல்வதற்கு நம்மிடம் நற்செய்தி மிஞ்சாது.

தொடங்குகிறவர்களுக்கு

இதையெல்லாம் அன்றாடத்தில் எப்படிச் செய்வது? திருப்பலிக்கு வர மறுக்கும் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி வாதாடுவதை நிறுத்தலாம். வேறொரு நாளில், வேறொரு நேரத்தில், "உனக்கு எது கஷ்டமா இருக்குப்பா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்; சொல்வது நமக்கு வலித்தாலும், நம்மைப் பற்றியதாகவே இருந்தாலும். மறையுரை அவன் கேள்விகளைத் தொடவில்லை என்பானோ, பங்கில் யாரோ அவனை அவமானப்படுத்தினார்கள் என்பானோ, அறிவியல் படித்த பிறகு நம்ப முடியவில்லை என்பானோ, நமக்குத் தெரியாது. அவமானப்பட்டவனிடம் கடவுள் இருக்கிறார் என்பதற்கான சான்றுகளை அடுக்குவது அவனுடைய காயத்தைக் காணாமல் கடந்துபோவதாகும். அவனுக்குத் தேவை, தவறு நடந்தது என்று யாராவது ஒத்துக்கொள்வது. அறிவியல் கேள்வி உள்ளவனுக்கு, அறிவியலும் அறிந்து விசுவாசத்திலும் நிலைத்திருக்கும் ஒருவரோடு நட்பு ஏற்படுத்திக் கொடுப்பது நம் நூறு வாதங்களைவிடப் பயன்படும். அகுஸ்தினாருக்கு மோனிக்கா செய்ய முடியாததை அம்புரோசு செய்தார். நாமே எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை.

பிற சமய நண்பர்களிடம் பேசும்போது அவருடைய சமயத்தைத் தாழ்த்தி நம்முடையதை உயர்த்த முயலக் கூடாது. ஏதென்சு நகரில் பவுல், சிலைகளைக் கண்டு உள்ளம் கொதித்தவர்தான். ஆனால் மக்கள்முன் நின்று வாய் திறந்தபோது, நீங்கள் சமயப் பற்று மிக்கவர்கள் என்றுதான் தொடங்கினார், அவர்களுடைய கவிஞரின் வரியையே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் சிலர் ஏளனம் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர்தான் விசுவசித்தார்கள். நல்ல பேச்சுக்கும் இப்படித்தான் பலன் கலந்து வரும்.

கடைசியாக, கேட்க மறுத்தவர் ஒரு நாள் கேட்கத் தொடங்கும்போது அவசரப்படாமல் இருப்பது பற்றி. மகிழ்ச்சியில் ஒரேயடியாகப் பத்துப் புத்தகங்களைக் கையில் திணித்துவிடுவோம். அம்புரோசுக்கே இது நேர்ந்தது. திருமுழுக்குக்கு ஆயத்தமாக எதைப் படிக்கலாம் என்று அகுஸ்தினார் எழுதிக் கேட்டபோது, எசாயா நூலைப் படியுங்கள் என்றார் அவர். பேராசிரியர் அதைத் திறந்தார், முதல் பகுதியே விளங்கவில்லை. மீதியும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, பழகிய பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். நம்மிடம் வருகிறவர்களுக்கு மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். 16 அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்த பிறகு அவர் கேட்கும் முதல் கேள்வி எதுவோ, அடுத்த சந்திப்பின் பாடம் அதுதான்.